67 ஆசியா: பாதை எண்கள் ஏன் இடத்துக்கு இடம் மாறுகின்றன? பெயர் எப்படி வந்தது?

நள்ளிரவு வானம் கேட்டது:

வணக்கம். அடுத்த எதிரமைவின்போது (பூமியிலிருந்து பார்க்கையில் சூரியனுக்கு நேரெதிரே வரும்போது) 67 ஆசியா சிறுகோளை இரண்டு மாதம் தொடர்ந்து படமெடுத்து, அதன் இடநிலையையும் ஒளிவளைவையும் (நேரத்தோடு பிரகாசம் மாறும் விதம்) அளக்கத் திட்டம். 200 மி.மீ. தொலைநோக்கி, ஒரு பிக்சலுக்கு 1.5 விகலை (பாகையில் 60-இல் ஒரு பங்கு கலை, கலையில் 60-இல் ஒரு பங்கு விகலை) தரும் கருப்பு வெள்ளை கேமரா. தயாரிப்பில் சில இடங்களில் முட்டுகிறது.

ஒன்று, பாதை எண்கள். அரை நெட்டச்சு, அதாவது நீள்வட்டப் பாதையின் நீள அச்சில் பாதி, எல்லா அட்டவணையிலும் 2.42 வானியல் அலகு (பூமி-சூரியன் சராசரித் தூரம் ஓர் அலகு) என்றுதான் தொடங்குகிறது. ஆனால் மூன்றாம் தசமத்திலேயே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. 1861-இல் கண்டுபிடித்து, 160 ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்த்துவரும் பொருளுக்கு இவ்வளவு வேறுபாடு ஏன்? எதை நம்பி மென்பொருளில் ஏற்றுவது? ஒரு பழைய அட்டவணையில் இருந்த எண்களைப் போட்டுப் பார்த்தால் இடம் முக்கால் பாகை தள்ளிப் போகிறது.

இரண்டு, பிரகாசம். தனி மேக்னிடியூட் (சூரியனிலிருந்தும் பூமியிலிருந்தும் ஓர் அலகு தூரத்தில் இருந்தால் தெரியும் பிரகாசம், எண் கூடினால் மங்கல்) 8.28 என்று எடுத்துக்கொண்டு, சராசரித் தூரங்களை வைத்துக் கணக்குப் போட்டால் எதிரமைவில் 10.96 வருகிறது. அட்டவணைகள் ஓர் எதிரமைவுக்கு 10-ஐ ஒட்டியும் இன்னொன்றுக்கு 12-ஐ ஒட்டியும் காட்டுகின்றன. எக்ஸ்போஷர் நேரத்தைத் தீர்மானிக்க இது தெரிய வேண்டும்.

மூன்று, பெயர். கண்டத்தின் பெயரா, கிரேக்கத் தொன்மத்துப் பெண்ணின் பெயரா? இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றன.

—

ஏறுகணு எழுதியது:

அட்டவணைகள் எல்லாம் சரிதான். ஒவ்வொன்றின் தலைப்பிலும் எபாக் என்று ஒரு தேதி இருக்கும், அதைப் பாருங்கள். தேதிகள் வேறு வேறாக இருக்கும். எண்கள் மாறுவதற்குக் காரணம் அதுதான்.

அட்டவணையில் இருப்பவை அந்தத் தேதிக்கு மட்டும் சொந்தமான எண்கள். அன்று சிறுகோள் இருந்த இடத்தையும் அதன் வேகத்தையும் எடுத்துக்கொண்டு, அந்தக் கணத்திலிருந்து சூரியனைத் தவிர வேறு எதுவும் அதை இழுக்கவில்லை என்று வைத்தால் அது எந்த நீள்வட்டத்தில் ஓடும் என்று கணக்கிட்டுத் தருகிறார்கள். உண்மையில் வியாழன் இழுத்துக்கொண்டே இருக்கிறது, செவ்வாயும் சனியும் கொஞ்சம் கொஞ்சம் இழுக்கின்றன. அதனால் அந்தத் தொடு நீள்வட்டமே நாளுக்கு நாள் மெல்ல உருமாறுகிறது. மூன்றாம் தசமத்தில் நீங்கள் காண்பது அளவீட்டுப் பிழை கிடையாது, பாதையின் அசைவு. ஒரு எபாக்கின் அரை நெட்டச்சை எடுத்து இன்னொரு எபாக்கின் மற்ற எண்களோடு சேர்ப்பதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். ஆறு எண்களும் தேதியும் ஒரே தொகுப்பு.

கலந்தால் எவ்வளவு தவறும் என்று பார்த்துவிடலாம். ஆசியாவின் சுற்றுக்காலம் 3.77 ஆண்டு, அதாவது 1,376 நாள் அளவு. நாளொன்றுக்குச் சராசரியாக 0.262 பாகை நகர்கிறது. அரை நெட்டச்சில் 0.001 தவறினால் இந்த நகர்வில் 0.06 சதவீதம் பிழை வரும். ஓராண்டு முடிவில் சூரியனிலிருந்து பார்க்கையில் மூன்றரைக் கலை விலகல். எதிரமைவில் பூமியிலிருந்து நாம் கிட்டே நின்று பார்ப்பதால் அதுவே ஆறு கலை ஆகிறது. உங்கள் கேமராவின் வயலில் இது பெரிய தூரம்தான், ஆனால் முக்கால் பாகைக்கு எட்டாது.

முக்கால் பாகைக்குக் காரணம் வேறாக இருக்கும் என்று நினைக்கிறேன். பழைய அட்டவணைகளில் ஏறுகணுவின் (சிறுகோளின் பாதை பூமியின் பாதைத் தளத்தை வடக்கு நோக்கிக் கடக்கும் புள்ளியின்) தீர்க்கம் முதலான கோணங்கள் 1950-க்கான சமப்பகல் புள்ளியிலிருந்து அளக்கப்பட்டிருக்கும். இன்றைய மென்பொருள்கள் 2000-ஐ எதிர்பார்க்கின்றன. அயனச் சலனத்தால் அந்தப் புள்ளி நகர்வது ஆண்டுக்கு 50.3 விகலை, 50 ஆண்டுக்கு 42 கலை. உங்கள் விலகலோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது அல்லவா? பழைய எபாக்கின் பிழை மீதியைச் சேர்த்திருக்கும். அந்த அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, உலகெங்கும் இருந்து வரும் அளவீடுகளைச் சேர்க்கும் சிறுகோள் மையம் அல்லது நாசாவின் ஜேபிஎல் தரும் இப்போதைய எபாக் எண்களை ஏற்றுங்கள். பெரும்பாலான வான்வரைபட மென்பொருள்கள் கோள்களின் இழுப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. கொடுத்த நீள்வட்டத்தை அப்படியே ஓட்டும். ஆகவே சில மாதத்துக்கு ஒருமுறை எண்களைப் புதுப்பிக்க வேண்டும். இடநிலை அட்டவணையை நேரே அந்தத் தளங்களிலிருந்தே எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை, அங்கே கோள்களின் இழுப்பும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

எடுக்கும்போது நீங்கள் நிற்கும் இடத்தின் தீர்க்கம், அட்சம், உயரம் மூன்றையும் கொடுங்கள். பூமியின் மையத்திலிருந்து பார்ப்பதாகக் கணக்கிட்டால், ஒரு வானியல் அலகு தூரத்துப் பொருள் 8.8 விகலைவரை விலகித் தெரியும். ஆசியா சராசரி எதிரமைவில் 1.42 அலகு தள்ளி இருக்கும், அப்போது 6 விகலை. உங்கள் கேமராவில் அது நான்கு பிக்சல். இடநிலை அளப்பவர்கள் இதை மறந்துவிட்டு, எதிர்பார்த்ததற்கும் கண்டதற்கும் உள்ள வித்தியாசம் இரவு முழுக்க ஒரு பக்கமாகச் சரிவதைப் பார்த்துக் குழம்புவது சாதாரணமாக நடக்கிறது.

இப்போது பிரகாசம். உங்கள் கணக்கில் பிழை இல்லை, சராசரித் தூரம்தான் இங்கே உதவாது. ஆசியாவின் வட்டவிலகல் (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டது என்ற அளவு) 0.185. அண்மைநிலையில் சூரியனிலிருந்து 1.97 அலகு, சேய்மைநிலையில் 2.87 அலகு. சூத்திரம் இதுதான்: தனி மேக்னிடியூட், அதோடு சூரியத் தூரத்தையும் பூமித் தூரத்தையும் பெருக்கி அதன் பத்தடிமான லாகரிதத்தின் 5 மடங்கு. அண்மைநிலையில் எதிரமைவு வந்தால் 1.97 பெருக்கல் 0.97, விடை 9.7. சேய்மைநிலையில் வந்தால் 2.87 பெருக்கல் 1.87, விடை 11.9. ஏழு மடங்குக்கும் மேல் பிரகாச வித்தியாசம்! எதிரமைவுகள் 497 நாளுக்கு ஒருமுறை, அதாவது பதினாறு மாதத்துக்குக் கொஞ்சம் அதிகமான இடைவெளியில் வரும். ஒவ்வொரு முறையும் வானில் ஏறத்தாழ 130 பாகை தள்ளி நிகழும். 11 எதிரமைவு முடிந்தால் ஏறக்குறைய 15 ஆண்டு. அதற்குள் சிறுகோளும் நான்கு சுற்றுக்கு மிக அருகில் வந்துவிடுவதால், நல்ல எதிரமைவு 15 ஆண்டில் திரும்ப வரும்.

இதன்மேல் கலைக்கோணம் சேரும், அதாவது சிறுகோளிலிருந்து பார்த்தால் சூரியனுக்கும் பூமிக்கும் இடையே உள்ள கோணம். வழக்கமான சரிவுக்கெழு (கோணத்தோடு எவ்வளவு மங்கும் என்ற அளவு) 0.15 வைத்தால் 5 பாகையில் 0.42, 20 பாகையில் 1.0 மேக்னிடியூட் மங்கும். ஆசியாவின் சாய்வு 6 பாகை. எதிரமைவு கணுவுக்கு அருகில் வந்தால் கலைக்கோணம் ஒரு பாகைக்கும் கீழே இறங்கும். கணுவிலிருந்து நன்றாக விலகி வந்தால் 3 பாகைக்குக் கீழே போகவே போகாது. இரண்டு மாதம் எடுக்கப்போகிறீர்கள் என்றால் தொடக்கத்துக்கும் உச்சத்துக்கும் இடையே முக்கால் மேக்னிடியூட் ஏற்றத்தைக் கட்டாயம் எதிர்பாருங்கள்.

ஒரு துணைச்செய்தி. 2.42 அலகு என்ற இடம் சும்மா இல்லை. செவ்வாய் இரண்டு சுற்று முடிக்கையில் ஒரு சுற்று முடிக்கும் தூரம் 2.419 அலகு. ஆசியா அதை ஒட்டியே ஓடுகிறது. முதன்மைச் சிறுகோள் பட்டையில் வியாழனின் ஒத்திசைவுகள் (இரண்டின் சுற்றுக்காலங்களும் எளிய விகிதத்தில் அமையும் தூரங்கள்) இடைவெளிகளைக் குடைந்திருக்கின்றன: 2.50, 2.82, 2.96, 3.28 அலகுகளில். வானியலாளர் கிர்க்வுட் இவற்றை 1866-இல் எடுத்துக்காட்டினார். செவ்வாய் எடை குறைந்தது என்பதால் அதன் ஒத்திசைவு அப்படி இடத்தைக் காலிசெய்வதில்லை. அங்கே சிறுகோள்கள் நிறையவே தங்கியிருக்கின்றன.

—

பழைய அட்லஸ் எழுதியது:

பெயர்க் கேள்விக்கு என் பதில்: இரண்டும்தான், அதை வைத்தவரே இரண்டையும் எண்ணித்தான் வைத்தார்.

நார்மன் ராபர்ட் போக்சன் 1861-இல் சென்னை வான்காணகத்தின் பொறுப்பை ஏற்றார். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த காணகம் அது. அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று அங்கிருந்து இந்தச் சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் இதுதான். எட்டு நாள் முன்னதாக ஹார்வர்டில் டட்டில் 66 மாயாவைக் கண்டிருந்தார். அதே மாதம் 29 அன்று ஜெர்மனியில் லூதர் 68 லீட்டோவைக் கண்டார். ஒரே மாதத்தில் மூன்று கண்டங்களிலிருந்து அடுத்தடுத்த எண்கள். இந்தியாவை ஐரோப்பாவோடு இணைக்கும் தந்திக் கம்பி அப்போது இல்லை, சூயஸ் கால்வாயும் திறக்கவில்லை. செய்தி கப்பல் கடிதமாகத்தான் போக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் சிறுகோள் எதிரமைவைத் தாண்டி மங்கத் தொடங்கிவிடும். ஆகையால் கண்டுபிடித்தவரே போதிய அளவீடுகளைத் தானே எடுத்து வைக்க வேண்டிய நிலை. அந்த வேலையின் கடினத்தை இன்று நாம் சரியாக மதிப்பதில்லை என்றே எனக்குப் படுகிறது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். அன்றைய வழக்கப்படி சிறுகோளுக்குத் தொன்மத்துப் பெண் பெயர் வேண்டும். வழக்கத்தை மீறியவை சில உண்டு, தொன்மம் சாராத முதல் பெயர் 1852-இல் வந்த 20 மசாலியா. ஆனால் மீறினால் எதிர்ப்பு வரும். 12 விக்டோரியாவுக்கு வந்த எதிர்ப்பைச் சமாளிக்க, அது ரோமானிய வெற்றித் தெய்வத்தின் பெயர் என்று வாதிட வேண்டியிருந்தது. 'ஆசியா' இரு தரப்புக்கும் பொருந்தும் பெயர். கிரேக்கத் தொன்மத்தில் ஆசியா என்பவள் ஓஷியானஸ், டெத்திஸ் இருவரின் மகள். புரொமீதியசின் தாய் என்று சிலரும் மனைவி என்று சிலரும் சொல்வார்கள். அதே சமயம் கண்டுபிடித்த கண்டத்தின் பெயரும் பதிவாகிவிட்டது.

எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு எழுதும் வழக்கம் 1851-இல் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு சிறுகோளுக்கும் ஒரு சின்னம் வரைந்தார்கள். எண்ணிக்கை பெருகவே அது தாங்கவில்லை. 67-ஐ இன்று அடைப்புக்குறிக்குள் எழுதுவது அந்த வட்டத்தின் எச்சம்.

மேலே ஏறுகணு கொடுத்த பிரகாசச் சூத்திரத்தில் அந்த 5 மடங்கு லாகரிதம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஐந்து மேக்னிடியூட் வித்தியாசம் என்றால் சரியாக 100 மடங்கு, ஒரு மேக்னிடியூட் என்றால் 2.512 மடங்கு என்று 1856-இல் முன்வைத்தவர் இதே போக்சன். ஆசியாவைக் கண்டவரின் அளவுகோலை வைத்துத்தான் ஆசியாவின் பிரகாசத்தை அளக்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

சென்னையிலிருந்து அவர் கண்ட மற்றவை 80 சாஃபோ, 87 சில்வியா, 107 கமிலா, 245 வேரா. இதில் 87 சில்வியாவை 1866 மே மாதம் கண்டார். அதற்கு இரண்டு துணைக்கோள்கள் இருப்பது 2001-இலும் 2005-இலும் அறிவிக்கப்பட்டது. இரண்டு துணைக்கோள் உள்ளதாகத் தெரியவந்த முதல் சிறுகோள் அது.

எல்லாமே கண்ணால் பார்த்துப் பிடித்தவை. நட்சத்திர வரைபடத்தை வயலோடு ஒப்பிட்டு, வரைபடத்தில் இல்லாத புள்ளியைக் குறித்து, மறுநாள் அது நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் முறை. எதிரமைவில் ஆசியா ஒரு நாளில் ஏறத்தாழ 15 கலை நகரும், நிலா வட்டத்தில் பாதி. ஆகவே நல்ல வரைபடம் இருந்தால் ஒரே இரவு இடைவெளி போதும். சிக்கல் வரைபடத்தில்தான்: 10-ஆம் மேக்னிடியூட்வரை ஒன்றுவிடாமல் குறித்த வரைபடம் கையில் இல்லாவிட்டால் எந்தப் புள்ளியும் புதியதாகவே தோன்றும். பிரகாசம் மாறும் நட்சத்திரங்கள் வேறு ஏமாற்றும். போக்சன் மாறு நட்சத்திரங்களையும் சேர்த்தே கவனித்துவந்தவர். புகைப்படத் தகடு வழியே முதல் சிறுகோளை மாக்ஸ் வோல்ஃப் கண்டது 1891 டிசம்பரில், 323 புரூசியா. போக்சன் அதே ஆண்டு ஜூனில் மறைந்திருந்தார்.

—

நள்ளிரவு வானம்:

இருவருக்கும் மிக்க நன்றி. 1950 சமப்பகல் புள்ளிதான் காரணம். தலைப்பில் சின்ன எழுத்தில் இருந்தது.

இன்னும் இரண்டு கேள்வி. சுழற்சிக்காலம் 15.9 மணி என்று போட்டிருக்கிறது. ஓர் இரவில் ஆறு மணி நேரம் எடுக்க முடியும். எத்தனை இரவு தேவைப்படும், எக்ஸ்போஷர் எவ்வளவு வைப்பது? அடுத்தது, அதே படத்தில் வேறொரு நகரும் புள்ளி கிடைத்தால் என்ன செய்வது?

—

ஒளிவளைவு எழுதியது:

15.9 மணி என்பது ஓர் இடத்தில் நின்று எடுப்பவருக்குக் கொஞ்சம் கடினமான காலம் சார். மூன்று சுழற்சி சேர்ந்தால் 47.6 மணி, அதாவது இரண்டு நாளுக்கு அரை மணி குறைவு. ஒன்றுவிட்ட இரவுகளில் நீங்கள் பார்ப்பது சிறுகோளின் அதே முகமாக இருக்கும்.

கட்டமாகச் சொல்கிறேன், ஒரு முழுச் சுழற்சியை 1 என்று வையுங்கள். முதல் இரவு ஆறு மணி நேரத்தில் சுழற்சியின் 0-விலிருந்து 0.38 வரை கிடைக்கும். இரண்டாம் இரவு அதே நேரத்தில் தொடங்கினால் 0.51-இலிருந்து 0.89 வரை. மூன்றாம் இரவு திரும்ப 0.03-இலிருந்து 0.41 வரை. ஆக இரண்டு இடைவெளிகள் மிஞ்சும். அவை இரண்டு நாளுக்கு 0.03 வீதம்தான் நிரம்பும். அகலமான இடைவெளி 0.13, அதை மூட ஐந்து சோடி இரவுகள், அதாவது பத்து நாள். மேகம் குறுக்கிட்டால் மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். எதிரமைவுக்கு முன் ஒரு வாரம் விடியலை ஒட்டியும், பின் ஒரு வாரம் மாலையை ஒட்டியும் நேரத்தை நகர்த்தி எடுத்தால் இடைவெளி சீக்கிரம் அடையும்.

மென்பொருள் தப்பான காலத்தைக் கொடுக்கும் வாய்ப்பும் இங்கே அதிகம். ஒரு நாளில் ஆசியா 1.51 முறை சுழல்கிறது. 24 மணிக்கு ஒருமுறை மட்டும் பார்க்கும் தரவுக்கு 1.01, 2.01 என்ற விடைகளும் ஓரளவு பொருந்திவிடும், அவை 23.7 மணி, 11.9 மணி என்று வெளிவரும். இதைத் தவிர்க்கச் சிறந்த வழி, தீர்க்கத்தில் எட்டு மணி நேரம் தள்ளி இருக்கும் இன்னொருவரோடு சேர்ந்து எடுப்பது. மூன்று இரவு கூட்டுத்தரவு வந்தாலே போலி விடைகள் விழுந்துவிடும். ஒளிவளைவில் ஒரு சுழற்சிக்கு இரண்டு மேடு இரண்டு பள்ளம் இருப்பது வழக்கம். ஒரு மேடு ஒரு பள்ளத்தோடு அழகாகப் பொருந்தும் 7.9 மணி விடையைக் கண்டால் நிறுத்திவிட வேண்டாம். இரண்டு மேடுகளின் வடிவமும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

எக்ஸ்போஷர்: எதிரமைவில் வேகம் மணிக்கு ஏறத்தாழ 37 விகலை, நிமிடத்துக்கு 0.6. உங்கள் இடத்தில் நட்சத்திர உருவத்தின் அகலம் 3 விகலை என்றால் ஐந்து நிமிடத்தில்தான் அது ஓர் உருவ அகலம் நகரும். ஆக நகர்வு உங்களைத் தடுக்காது. தடுப்பது நிறைசெறிவு, அதாவது பிக்சல் ஒளியால் நிரம்பிவிடுவது. 10-ஆம் மேக்னிடியூட் பொருளின் உச்சப் பிக்சல் 40,000-ஐத் தாண்டாதபடி வையுங்கள். 65,535 வரை இடம் இருக்கிறது என்று நம்பினால் அதற்கு முன்பே நேர்கோட்டுத்தன்மை கெட்டுவிடும் கேமராக்கள் உண்டு. 15 விநாடியில் தொடங்கிச் சோதித்துக் கூட்டுங்கள். மிகக் குறைத்தாலும் ஆபத்து: 5 விநாடிக்குக் கீழே போனால் காற்று மினுமினுப்பு அளவீட்டைச் சிதறடிக்கும். அப்போது சின்னச் சின்னப் படங்களைப் பத்துப் பத்தாகச் சேர்ப்பது மேல்.

ஒப்பீட்டு நட்சத்திரங்களை நிறம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆசியா கற்பாறை வகை, எஸ் வகுப்பு. சூரிய ஒளியையே கொஞ்சம் சிவப்பாக்கித் திருப்புகிறது. சூரிய நிறத்தை ஒட்டிய நட்சத்திரங்கள் குறைந்தது ஐந்து இருக்கட்டும். நீல நட்சத்திரம் ஒன்றை வைத்துவிட்டால், சிறுகோள் அடிவானத்தை நோக்கி இறங்க இறங்கப் பிரகாசம் மெல்லக் கூடுவதுபோல் ஒரு பொய்ச் சரிவு வரும். சுழற்சியின் பாகம் என்று அது உங்களை நம்பவைக்கும். சிறுகோள் இரவுக்கிரவு கால் பாகை நகர்வதால் ஒப்பீட்டு நட்சத்திரங்களும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே பட்டியலிலிருந்து மேக்னிடியூட் எடுத்தால்தான் இரவுகளை ஒன்றோடொன்று ஒட்ட முடியும்.

ஒளிப் பயண நேரத்தைக் கழிக்க மறக்காதீர்கள். ஒரு வானியல் அலகுக்கு 8.3 நிமிடம், 1.42 அலகுக்கு 11.8 நிமிடம். இரண்டு மாதத்தில் பூமித் தூரம் கால் அலகு மாறினால் இரண்டு நிமிடப் பிசகு சேரும். அடுத்து, கலைக்கோணத் திருத்தம்: எதிரமைவுக்கு அருகே இரவுக்கிரவு பிரகாசம் ஏறுவதைத் திருத்தாமல் ஒட்டினால் ஒளிவளைவு தடித்த பட்டையாகத் தெரியும். அதைச் சிதறல் என்று நினைத்து நல்ல இரவுகளைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

—

ஏறுகணு எழுதியது:

வேறு நகரும் புள்ளி வந்தால்: முதலில் சிறுகோள் மையத்தின் சோதிப்புப் பக்கத்தில் தேதி, நேரம், வயலின் மையம் கொடுத்து, அங்கே தெரிந்த சிறுகோள் எவை என்று பாருங்கள். கிரகணப் பாதைக்கு (வானில் சூரியன் செல்லும் பாதை) அருகே இருக்கும் வயலில் 18-ஆம் மேக்னிடியூட்வரை போனாலே ஒன்றிரண்டு கிடைப்பது இயல்பு. அநேகமாகத் தெரிந்ததாகவே இருக்கும்.

பட்டியலில் இல்லை என்றால் அதே இரவில் மூன்று முதல் ஐந்து இடநிலைகள், குறைந்தது அரை மணி இடைவெளியில். அடுத்த இரவு திரும்ப அதையே. ஓர் இரவு மட்டும் என்றால் அது ஒரு நகர்வுத் துண்டு, அவ்வளவுதான். இரண்டு இரவு சேர்ந்து, தெரிந்த எதனோடும் பொருந்தவில்லை என்றால் தற்காலிகப் பெயர் கிடைக்கும்.

அந்தப் பெயரைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் காவலூர் வான்காணகத்தில் வானியலாளர் ராஜமோகன் 1988 பிப்ரவரி 17 அன்று கண்ட 4130 ராமானுஜனின் தற்காலிகப் பெயர் 1988 டிக்யூ1. முதல் எழுத்து டி, ஆண்டின் நான்காவது அரை மாதம், பிப்ரவரி 16 முதல் 29 வரை. ஆங்கில எழுத்துகளில் ஐ மட்டும் விடப்படும், அதனால் அரை மாதத்துக்குள் வரிசையைக் காட்ட 25 எழுத்துகள். க்யூ அதில் 16-ஆவது. கடைசி 1 என்பது 25 எழுத்தும் ஒரு சுற்று முடிந்துவிட்டது என்பதைச் சொல்கிறது. ஆக அந்த அரை மாதத்தின் 41-ஆவது பொருள். அறிக்கை அனுப்பும்போது இதைச் சுருக்கி ஜே88டி01க்யூ என்று எழுத வேண்டும்: ஜே என்றால் 1900-கள், கே என்றால் 2000-கள், எண் நடுவிலும் எழுத்து கடைசியிலும். எண்ணும் எழுத்தும் இடம் மாறினால் உங்கள் அளவீடு வேறொரு சிறுகோளின் கணக்கில் போய் விழும், அல்லது நிராகரிக்கப்படும். இந்த முறை 1925-இல் வந்தது. அதற்கு முந்தையவற்றுக்கும் இப்போது பின்னோக்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஆண்டின் முதல் இலக்கத்துக்குப் பதில் ஏ வரும். எடுத்துக்காட்டாக, 1801-இல் கண்ட சீரிஸ் இப்போது ஏ801 ஏஏ.

எண் கிடைப்பதற்குப் பாதை உறுதியாக வேண்டும். முதன்மைப் பட்டைப் பொருளுக்குப் பொதுவாக நான்கு எதிரமைவுகள் தேவைப்படும். 16 மாத இடைவெளி என்றால் நான்கு ஆண்டுக்குக் குறையாது. பழைய தேடல் படங்களில் அதே பொருள் சிக்கினால் சீக்கிரம் முடியும். மாணவர்கள் சிறுகோள் கண்டுபிடித்துப் பெயர் வைத்தார்கள் என்று வரும் செய்திகளில் பல, முதல்நிலைக் கண்டறிதல் சான்றிதழை வைத்து எழுதப்பட்டவை. அந்த உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் எண் வருவதற்கு முன் பெயர் என்ற பேச்சே இல்லை.

எண் வந்த பிறகு கண்டுபிடித்தவருக்குப் பத்து ஆண்டு பெயர் முன்மொழியும் உரிமை உண்டு. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் சிறுபொருள் பெயரிடல் குழு முடிவெடுக்கும். 16 எழுத்துக்குள், முடிந்தவரை ஒரே சொல்லாக, ஏற்கெனவே உள்ள பெயரோடு குழப்பம் தராததாக இருக்க வேண்டும். அரசியல் அல்லது ராணுவத்தால் அறியப்பட்டவர் என்றால் இறந்து 100 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். வணிகப் பெயர் கூடாது, செல்லப்பிராணிப் பெயரை ஊக்குவிப்பதில்லை. பெயரோடு சிறு விளக்கக் குறிப்பும் அனுப்ப வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு சிறுகோளுக்குப் பெயர் வைத்துத் தருவதாகச் சொல்லும் எவருக்கும் அந்த அதிகாரம் கிடையாது. எண் பெற்றவை இப்போது எட்டு லட்சத்தைத் தாண்டிவிட்டன. அவற்றில் பெயர் பெற்றவை மிகச் சிறிய பங்கு.

—

ஒளிவளைவு எழுதியது:

நேரம் பற்றி ஒன்று விட்டுப்போனது. அறிக்கையில் போவது எக்ஸ்போஷரின் நடுநேரம், உலக நேரத்தில், நாளின் ஐந்து தசமங்களுக்கு. ஐந்தாம் தசமம் ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவு. கேமரா மென்பொருள் கோப்பில் எழுதுவது பெரும்பாலும் தொடக்க நேரம். 60 விநாடிப் படங்களில் அரை நிமிடம் தவறினால் ஆசியா 0.3 விகலை தள்ளிப்போகும். நல்ல அளவீட்டின் சிதறலே அவ்வளவுதான் என்பதால், கண்ணுக்குப் படாமல் எல்லா இரவிலும் ஒரே திசையில் பிழை உட்கார்ந்திருக்கும். கணினிக் கடிகாரத்தை இரவு தொடங்குமுன் ஒருமுறை சரிசெய்தால் போதாது, இணையத்திலிருந்து சில நிமிடத்துக்கு ஒருமுறை சரிசெய்ய வையுங்கள்.

ஆசியா ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் நிகழ்வு உங்கள் பக்கம் வந்தால் அதையும் விடாதீர்கள். விட்டம் 58 கி.மீ. அளவு. எதிரமைவில் நிழல் விநாடிக்கு 10 அல்லது 11 கி.மீ. ஓடும், ஆகவே நடுக்கோட்டில் இருப்பவருக்கே ஐந்தரை விநாடிதான் மறைவு. அதற்கு இணையக் கடிகாரம் போதாது, ஜிபிஎஸ் நேரத்தைப் படத்திலேயே பொறிக்கும் கருவி வேண்டும்.